சுவரில் ஒட்டிய காமிக்ஸ்

என்னங்க,

போன்ல சொன்னா பக்கத்துல இருக்க மக பயந்துருவா. அதான் கொழும்புக்குப் பஸ் ஏறுற தம்பிகிட்ட இதைக் குடுத்து விடுறேன்.

மஸ்கெலியாவுல நீங்க கடை போட்டிருந்தப்ப, காமிக்ஸ் வந்த அன்னைக்கே வித்துத் தீர்ந்துரும். அப்புறம் பிள்ளைங்க எல்லாம் போனுக்குப் போயிட்டாங்க. விக்காம கெடந்ததைத்தான் குளிருக்கு நம்ம தோட்டத்து லயத்து வீட்டுச் சுவர்ல ஒட்டுனீங்க.

இப்ப அதுக்கு மறுபடி கிராக்கியாம். கண்டியில இருந்து ஒருத்தர் தேடி வந்தாரு. அவருக்குக் குடுக்கலாம்னு நேத்து உரிச்சேன்.

மலைப்பக்கத்துச் சுவர்ல கை நுழையுற அளவுக்கு வெடிப்பு. உள்ளுக்கெல்லாம் ஈரம். அஞ்சு நாளா மழையும் விடல. மகளை வாசல் பக்கமா படுக்க வச்சிருக்கேன்.

மத்த இடத்துல எல்லாம் ஒத்தத் தாளுங்க. அந்த வெடிப்பு மேல மட்டும் நாலு புத்தகம் முழுசா அடுக்கி ஒட்டியிருக்கீங்க.

அப்பவே பார்த்துட்டீங்களா?

உங்க பொஞ்சாதி