கூட்டச் சொன்னது நான்தான்

பிப்ரவரி 4, திங்கள்

ஆசிரியர் கூட்டத்தில் தூங்கிவிட்டேன். அது ஒன்றும் புதிதல்ல. இருபத்து நான்கு வருட சர்வீஸில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை கைவந்திருக்கிறது. இன்று நடந்த மானக்கேடு வேறு. பாதித் தூக்கத்தில் "யாருக்கு?" என்று தலைமையாசிரியை கேட்பது காதில் விழுந்தது. டீ வந்துவிட்டது என்று நினைத்து, "எனக்கு, எனக்கு! சர்க்கரை கம்மியா!" என்று கையைத் தூக்கிவிட்டேன்.

அவர் கேட்டது: "கணக்கு முன்னேற்றத் திட்டப் பொறுப்பை யாருக்குக் குடுக்கலாம்?"

எல்லோரும் கைதட்டினார்கள். விளையாட்டு ஆசிரியர் எழுந்து நின்றே தட்டினார். அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில். மனதுக்குள் நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். நான் கை தூக்கியிராவிட்டால் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்குமாம்.

நான் தமிழ் வாத்தியார். எனக்கும் கணக்குக்கும் பேச்சுவார்த்தை நின்று முப்பது வருடம் ஆகிறது. கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருக்கிறார். அவர் இடத்துக்கு அனுப்புகிறோம் என்று சொன்ன ஆள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்.

விஷயம் மட்டும் சிரிப்பானதல்ல. மண்டலத்தில் மொத்தம் நாற்பத்தோரு நடுநிலைப் பள்ளிகள். போன வருடக் கணக்குத் தேர்வில் எங்கள் இடம் நாற்பத்தொன்று. வரும் மார்ச் தேர்விலும் கடைசி என்றால் பள்ளியை மூடிவிட்டு, ஆறு முதல் எட்டு வரை உள்ள இருநூற்றுப் பதினோரு பிள்ளைகளையும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். ஆறு வழிச் சாலை. அதில் போகிற லாரிகள் யாருக்காகவும் நிற்கிற ரகமில்லை. நான் 'உபரி ஆசிரியர்' ஆகிவிடுவேன். உபரி! சட்டை தைத்தபின் மிஞ்சிய துணி மாதிரி.

டீ வரவே இல்லை.

பிப்ரவரி 5, செவ்வாய்

மனைவியிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்களா? கணக்கா? நமக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம், சொல்லுங்க பாப்போம்."

விரல் விட்டேன்.

"பாருங்க, விரல் தீந்து போச்சு. கால் விரலுக்குப் போங்க, நான் காத்திருக்கேன்."

பிப்ரவரி 8, வெள்ளி

முன்னேற்றம் என்றால் முதலில் ஒரு படிவம் வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. மாணவர் மனநிலையை அறியும் படிவம். கேள்வியை நானே எழுதினேன்: 'இப்பள்ளியில் உனக்குப் பிடித்தது என்ன?'

வந்த விடைகள்: சளி — முப்பத்தேழு பேர். சுளுக்கு — நான்கு பேர், நால்வரும் கைப்பந்துக் குழு. 'பயம், கணக்குப் பாடத்தில்' — எண்ண முடியவில்லை. ஒருவன், 'பைத்தியம், திங்கட்கிழமைகளில்.' எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தாள்: 'எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. என் பக்கத்து பெஞ்சுக்காரனைத்தான் பிடித்தது. பிட் அடிக்கும்போது. பிடித்தவர் தலைமையாசிரியை.'

தலைமையாசிரியை கட்டு முழுவதையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், இந்தக் கேள்வி யார் எழுதினது?"

"நான்தான் மேடம்."

"நீங்க தமிழ் வாத்தியார்தானே?"

"ஆமா மேடம்."

"இல்ல, சும்மா கேட்டேன்."

பிப்ரவரி 12, செவ்வாய்

படிவம் போகட்டும். பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டேன். கூட்டலிலேயே. கூட்டலில் சறுக்கியவன் பெருக்கலில் எப்படி நிமிர்வான்? தினமும் காலை மணி அடிக்கும்முன் கால் மணி நேரம் கூட்டல் பயிற்சி. அவ்வளவுதான் திட்டம். வாசல் கரும்பலகையில் என் கையால் எழுதிவைத்துவிட்டு வந்தேன்:

'நாளை முதல் தினமும் காலை 8.30 முதல் 8.45 வரை அனைத்து மாணவர்களும் கூட்ட வேண்டும். வேகமாகவும் சுத்தமாகவும் கூட்டுபவருக்குப் பரிசு உண்டு.'

ஒரு சொல் கூடுதலில்லை, ஒரு சொல் குறைவில்லை. தள்ளி நின்று இரண்டு தடவை ரசித்தேன். கையெழுத்தும் நன்றாக விழுந்திருந்தது.

பிப்ரவரி 13, புதன்

ஒரு சொல் குறைவு.

காலை எட்டு இருபதுக்கு வாசலைப் பார்த்தேன். துடைப்பங்கள். நீளத் துடைப்பம், குட்டைத் துடைப்பம், ஒட்டடைக்கோல். இரட்டையர் இருவர் ஒரே துடைப்பத்தை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு. ஆறாம் வகுப்பில் ஒருத்தி தூசி உறிஞ்சும் மெஷினையே இழுத்து வந்திருந்தாள், அவள் அப்பா பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டு, "பிளக் எங்க சார் இருக்கு?" என்றார்.

'எண்களை' என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா? கை தேய்ந்தா போயிருக்கும்?

நான் வாயைத் திறப்பதற்குள் விசில் வரிசை கட்டிவிட்டார். "ரெடி! இடமிருந்து வலம்! குனி!" பிர்ர்ர். கிளம்பிய புழுதியில் கொடிக்கம்பம் காணாமல் போனது. புழுதிக்குள்ளிருந்து தலைமையாசிரியை இருமிக்கொண்டே வந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"சார்! இடம் சுத்தமானாதான் புத்தி சுத்தமாகும், அதானே உங்க ஐடியா? கணக்கை நேரா தொடாம சுத்தி வளைச்சு வர்றீங்க. பிரமாதம்!"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவில் அடக்கம் கால் வீசம்கூட இல்லை.

பிப்ரவரி 15, வெள்ளி

எதிர்பார்த்தது வந்தது. ஒரு தாய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆசிரியர் அறைக்கே.

"யாருங்க இங்க பிள்ளைங்கள கூட்டச் சொன்னது?"

விசில் என்னைக் காட்டினார். அந்த விரலை நான் மறக்க மாட்டேன்.

"அம்மா, அது வந்து... ஒரு சின்ன..."

"எம்பொண்ணு வீட்டுல ஒரு துரும்ப எடுத்து அந்தாண்ட போட மாட்டா சார். குடிச்ச டம்ளர் குடிச்ச இடத்துலயே இருக்கும். இங்க வந்து விழுந்து விழுந்து கூட்டுறாளாமே! என்ன சார் சொன்னீங்க அவகிட்ட? எனக்கும் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

பரிசு என்று சொன்னதாகச் சொன்னேன். என்ன பரிசு என்றார். அதை நான் இன்னும் யோசிக்கவில்லை என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 19, செவ்வாய்

பள்ளி கண்ணாடி மாதிரி இருக்கிறது. கணக்கு அப்படியேதான் இருக்கிறது. தேர்வுக்கு ஒரு மாதம்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். அவள் ரகசியம் சொன்னால் மூன்று வகுப்புகள் திரும்பிப் பார்க்கும். பெயர் மைக்செட். இன்று வராந்தாவில் என்னை மடக்கினாள்.

"சார், பரிசு பரிசுன்னீங்களே, யாரு ஜெயிச்சாங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"யாரு நல்லா கூட்டுறாங்களோ..."

"எல்லாருந்தான் நல்லா கூட்டுறோம். எவ்வளவு கூட்டினோம்னு எண்ணுங்க சார். எங்க கிளாஸ்ல இன்னிக்கு மட்டும் பேனா மூடி பதினெட்டு, பட்டன் ஏழு, சாக்பீஸ் துண்டு நாப்பத்தொண்ணு."

"ஆக மொத்தம்?"

விரல் விட்டாள். தலையைச் சொறிந்தாள். பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள். அவள் இன்னொருத்தியைக் கேட்டாள். "அறுபத்தி... ஆறு சார்!"

நின்ற இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியது. கூட்டியதைக் கூட்டட்டும்! மாலையே பலகையில் சேர்த்துவிட்டேன்: 'கூட்டிய பொருள்களை எண்ணி, வகை வாரியாகக் கூட்டி, மொத்தத்தை இங்கே எழுதவும்.' மூன்று முறை படித்துப் பார்த்தேன். மனைவிக்குப் போன் போட்டும் படித்துக் காட்டினேன். வேறு அர்த்தம் எதுவும் வரவில்லை என்றாள். "ஆனா நீங்க எழுதினது, எதுக்கும் ஜாக்கிரதை."

பிப்ரவரி 27, புதன்

பள்ளி அழுக்காகிவிட்டது.

எண்ணிக்கைக்குப் பரிசு என்றதும் வீட்டிலிருந்து குப்பை கொண்டுவருகிறார்கள். சாப்பாட்டுப் பையில் பாட்டில் மூடிகள். எட்டாம் வகுப்பில் ஒருவன் தையல்கடைப் பட்டன் டப்பாவையே கொட்டிவிட்டு, "கீழ கிடந்துச்சு சார்" என்கிறான். டப்பாவும் கிடந்ததா என்றேன். "அது பக்கத்துல கிடந்துச்சு சார்."

மார்ச் 5, செவ்வாய்

இன்று சண்டை. ஏழாம் வகுப்பு பலகையில் 1,312 என்று எழுதிவைக்க, எட்டாம் வகுப்பு மொத்தமும் வாசலில் திரண்டுவிட்டது.

"திருட்டுக் கணக்கு! நேத்து தொள்ளாயிரத்துப் பதினாலு, இன்னிக்கு முந்நூத்தித் தொண்ணூத்தெட்டா? உங்க வகுப்புல அவ்வளவு இடமே கிடையாது!"

"ஏன், உங்களுது மட்டும் யோக்கியமா? வெள்ளிக்கிழமை மூடியை ரெண்டு தரம் சேத்தீங்கல்ல?" இது மைக்செட். தெருமுனைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நடுவில் ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன் பெஞ்சில் ஏறி நின்று, பலகையைப் பார்த்து, வாய்க்குள் முணுமுணுத்து, "ரெண்டு பேரும் சரிதான். சார் கீழ போட்ட பள்ளி மொத்தம்தான் தப்பு" என்றான்.

எல்லாத் தலையும் பலகைப் பக்கம் திரும்பியது.

சரிபார்த்தார்கள். பத்து நாளில் ஏழு நாள் என் மொத்தம் தப்பு. தீர்ப்பு உடனே சொல்லப்பட்டது: மூன்று வகுப்பும் சேர்ந்து ஒரு சரிபார்ப்புக் குழு. தலைவி மைக்செட். இனி நான் போடும் எந்த மொத்தமும் அவர்கள் பார்க்காமல் செல்லாது.

வெட்கமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்தச் சண்டையில் ஒருவர்கூட விரல் விடவில்லை.

மார்ச் 14, வியாழன்

தலைமையாசிரியை என்னையும் விசிலையும் நெடுஞ்சாலைக்குக் கூட்டிப்போனார். (இந்தக் 'கூட்டி' வேறு.) கடக்க எவ்வளவு நேரமாகும் என்று பார்க்க வேண்டுமாம். விசில் கையில் ஸ்டாப் வாட்ச். நான்தான் பிள்ளை. பாதி வழியில், நடுத் திட்டில் பதினோரு நிமிடம் மாட்டிக்கொண்டேன். ஒரு லாரிக்காரர் திட்டிக்கொண்டே போனார். புதுச் சொற்கள் இரண்டு.

திரும்பி வந்தபோது தலைமையாசிரியையின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்க ஆறடி ஆளு சார். நம்ம ஆறாங்கிளாஸ் பொடிசுங்க அந்தத் திட்டுமேல நின்னா வண்டிக்காரன் கண்ணுக்கே தெரியாது."

விசில் பள்ளி வரும்வரை விசிலைத் தொடவில்லை. எனக்கும் கேலி வரவில்லை.

மார்ச் 20, புதன்

தேர்வு முடிந்தது. நான் வராந்தாவில் நடந்த நடையில் ஒரு செருப்பு அறுந்தது. பிள்ளைகள் வெளியே வந்ததும், "எப்படிம்மா?" என்றேன்.

"கூட்டல் சும்மா சார்," என்றாள் மைக்செட். "கடைசிக் கேள்விதான் கொஞ்சம் இழுத்துச்சு. பேனா மூடின்னு நினைச்சுப் போட்டேன், வந்துருச்சு."

மார்ச் 29, வெள்ளி

முடிவு இன்னும் வரவில்லை. நகம் தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 3, புதன்

இருபத்து மூன்று!

நாற்பத்தொன்றில் இருபத்து மூன்று! பள்ளி மூடப்படாது. நெடுஞ்சாலை வேண்டாம். நான் உபரியில்லை.

தலைமையாசிரியை கடிதத்தைப் படிக்கும்போதே அழுதுவிட்டார். விசில் அறைக்குள்ளேயே விசிலை ஊதினார். எனக்கு இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. விடுப்பிலிருக்கும் கணக்கு டீச்சர் போனில் வாழ்த்தினார், பின்னணியில் குழந்தையும் ஏதோ சொன்னது. மண்டல அதிகாரி நேரில் வந்து கைகுலுக்கினார்.

"கடைசியிலேருந்து பதினெட்டு இடம் தாண்டியிருக்கீங்க! எப்படி சார் சாதிச்சீங்க?"

"பிள்ளைங்கள கூட்டச் சொன்னேன் சார். அவ்வளவுதான்."

"கூட்டு முயற்சி! அருமை!" என்றவர், அடுத்த மாதப் பயிற்சி முகாமில் நான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். தலைப்பு: 'கூட்டு முயற்சியின் வெற்றி.' நாற்பது பள்ளித் தலைமையாசிரியர்கள் முன்னால், ஒரு மணி நேரம்.

மனைவி இன்று என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "பரவாயில்லையே" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் தந்த உயர்ந்த விருது இதுதான்.

ஏப்ரல் 5, வெள்ளி

முகாமுக்கு உரை தயாரிக்கிறேன். 'அன்றும் இன்றும்' என்று ஒரு பெரிய அட்டை வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று போன வருடத்து மதிப்பெண் தாளையும் அலுவலக பீரோவிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்தேன். சரிபார்ப்புக் குழுவுக்குப் பரிசாக ஆளுக்கொரு பேனா கொடுக்கக் கூப்பிட்டிருந்தேன். கொடுத்தேன். பேனாவை எழுதிப் பார்க்கக் காகிதம் தேடினார்கள். மேசையில் இருந்தது அந்தத் தாள்.

சும்மா இருந்த கை சும்மா இருக்கவில்லை. கூட்டிப் பார்த்தார்கள்.

"சார்," என்றாள் மைக்செட், அவளுக்கே உரிய ரகசியக் குரலில், "எட்டாம் வகுப்பு மொத்தம் 412ன்னு இருக்கு. 3,412 வரணும் சார். மனசுல மூணு வெச்சவங்க அதைக் கீழ இறக்கவே இல்ல. யாரு சார் போட்டது இது?"

தாளின் கீழே கையெழுத்து இருந்தது. நன்றாக விழுந்திருந்தது. போன வருடம் கணக்கு டீச்சருக்குக் காய்ச்சல். 'உங்க எழுத்து அழகா இருக்கு சார், நீங்களே மொத்தம் போட்டு அனுப்பிடுங்க' என்று யாரோ சொல்ல, நான் போட்டு அனுப்பினேன். மூன்றை மனசிலேயே வைத்துக்கொண்டு ஒரு வருடம் நடமாடியிருக்கிறேன்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் சார்" என்றாள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

அவர்கள் போனபிறகு அந்த மூவாயிரத்தைச் சேர்த்து, சராசரியைத் திரும்பப் போட்டு, போன வருடப் பட்டியலில் வைத்துப் பார்த்தேன். நான் போட்டதாயிற்றே என்று குழுத் தலைவியைத் திரும்பக் கூப்பிட்டு ஒருமுறை சரிபார்க்கவும் சொன்னேன். சரியாகத்தான் வந்தது.

போன வருடம் நாங்கள் இருபத்திரண்டாவது.