நீ படிக்காமல் அனுப்பிய பாடம்

மதுக்கரை,
ஞாயிறு இரவு.

ரூபன் அண்ணாவுக்குத் தங்கை மதிவதனி எழுதுவது. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. முக்கியமாக நம் குடும்பக் குரூப்பில் போட்டுவிடாதே. கைக்கு எது வந்தாலும் அங்கே தள்ளிவிடும் பழக்கம் உனக்கு இருக்கிறது, என் ப்ளஸ் டூ மார்க்கை நான் வாய்விட்டுச் சொல்லும் முன்பே அங்கே போட்டவன் நீ. அப்பாவுக்கு ஃபோன் போட்டு மதி இப்படியெல்லாம் எழுதியிருக்கிறாள் என்று படித்தும் காட்டாதே. என் ஃபோனை அப்பா பீரோவுக்குள் வைத்துப் பூட்டிப் பதினோரு நாள் ஆகிறது, அதனால்தான் இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். நாளைக்கு மார்க் ஷீட் வாங்கப் பள்ளிக்கூடம் போகும்போது ஹிபா இதைப் படம் பிடித்து அவள் நம்பரிலிருந்து உனக்கு அனுப்புவாள். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், வெளியே சொல்ல மாட்டாள். நீ படித்ததும் அழித்துவிடு. அவள் நம்பருக்குப் பதில் போட்டு அவளையும் மாட்டிவிடாதே.

நீ நலம் என்பது தெரியும், குடை பிடித்துக்கொண்டு ரயில் நிலையத்தில் சிரிக்கிற படத்தை அப்பா எல்லோருக்கும் காட்டினார். எங்கள் நலத்தை நீ கேட்பதும், எல்லோரும் நல்லா இருக்கறம் கண்ணு என்று அப்பா சொல்வதும் வாராவாரம் நடக்கிறது, இந்த வாரம் நான் சொல்கிறேன். அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றவில்லை. அப்பா நலம், உன்னால் ரொம்ப நலம். நான் நலமாக இல்லை, அதுவும் உன்னால்தான். நீ கட்டிக் கொடுத்த பாத்ரூமுக்குள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், இந்த வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற கதவு இது ஒன்றுதான். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறேன், பேனா ஓடும் சத்தம் யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் பயம்.

உனக்கு நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன், எனக்கு அது மனப்பாடம். அப்பா, காலேஜெல்லாம் வேஸ்ட்டுங்க, எங்க யுனிவர்சிட்டிப் பாடம் பூராவும் நெட்ல ஃப்ரீயாக் கெடக்குதுங்க, சயின்ஸு, இன்ஜினியரிங்கு, ஜப்பான் சட்டம் வரைக்கும் இருக்குதுங்க, மதி ஊட்ல உக்காந்தே படிச்சுக்கட்டுங்க. நாற்பத்தெட்டு விநாடி வாய்ஸ் மெசேஜ். நடந்துகொண்டே பேசியிருக்கிறாய், பின்னால் சிக்னல் சத்தம் கேட்கிறது. நீ சாலையைக் கடக்கும் நேரத்தில் என் படிப்பை முடித்துவிட்டாய். அப்பாவுக்கு உன் பேச்சு எப்படி என்று உனக்குத் தெரியாதா? சிமென்ட் மூட்டை ஏற்றி இறக்கியே நிமிர முடியாமல் போன மனிதர், மகன் ஜப்பானில் படித்து அங்கேயே வேலையும் பார்க்கிறான் என்றால் அவன் வாயிலிருந்து வருவதெல்லாம் அவருக்குத் தீர்ப்பு. அந்த மெசேஜை நஞ்சப்பன் டீக்கடையில் உரக்கப் போட்டுக் காட்டினார். ஏனுங்க சின்னான், அப்ப உங்க புள்ள படிக்கறது ஜப்பான்ல, டீக்குப் பாலு வாங்க வர்றது மட்டும் மதுக்கரையிலீங்களா என்று நஞ்சப்பன் கேட்டாராம். பாஸ்போர்ட்டே வேண்டியதில்லீங்க என்று அப்பா பெருமையாகச் சொன்னாராம். கடை முழுக்கச் சிரித்ததை அவர் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எனக்கு அழுகை வந்தது, அவருக்காக.

மூன்று வாரம் கழித்துப் பாவாத்தாள் வந்தாள். உனக்கு அவளைத் தெரியாது, கோபிசெட்டிபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு நூல் மில்லுக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவள், தலைக்கு இவ்வளவு என்று அவளுக்கு உண்டு. அப்பா அவளிடமும் உன் குரலைப் போட்டுக் காட்டினார். உடனே பிடித்துக்கொண்டாள். அதுக்கென்னுங்கண்ணா, நம்ம ஹாஸ்டல்ல வைஃபை இருக்குதுங்க, ஷிப்ட்டு முடிச்சுப்போட்டு அம்மணி ஜப்பான் பாடத்தப் படிச்சுக்கலாமுங்க, வேலைக்கு வேலையுமாச்சு, படிப்புக்குப் படிப்புமாச்சு என்றாள். மூன்று ஷிப்ட்டும் மாற்றி மாற்றி வரும் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னாள். ஃபாரத்தில் படிப்பு என்ற இடத்தில் ஜப்பான் யுனிவர்சிட்டி என்று அவள் கையாலேயே எழுதினாள், நம்ம மில்லுல ஜப்பான் காலேஜுப் புள்ள இதுதான் மொதலுங்க என்று சிரித்தாள். வயது என்ற இடத்தில் பதினெட்டு என்று எழுதினாள். எனக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்றேன். அஞ்சு மாசந்தானே அம்மணி, கண்ண மூடித் தொறந்தா வந்துரும் என்றாள். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்துவிட்டேன். அப்பங் கையெழுத்து இருந்தாப் போதுமுங்க என்று ஃபாரத்தை அப்பா பக்கம் திருப்பினாள்.

அண்ணா, அந்த மெசேஜோடு நீ எனக்கு லிங்க் அனுப்பிய பாடங்களைத் திறந்துகூடப் பார்க்காமல் திட்டுகிறேன் என்று நினைக்காதே. இருபது நாள் உட்கார்ந்து பார்த்தேன். பாதி ஜப்பானிய மொழியில் இருந்தது. மின்சுற்றுப் பாடம் ஆங்கிலத்தில் இருந்தது, முதல் மூன்று வாரத்துப் பாடம் எனக்குப் புரிந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. நான்காவது வாரத்துப் பாடத்தில், ஆய்வகத்தில் சுற்றை அமைத்து அளவுகளைக் குறித்து வாருங்கள் என்று போட்டிருந்தார்கள். எந்த ஆய்வகம், எதை வைத்து அளப்பது, தப்பாக வந்தால் யாரைக் கேட்பது? உன்னைக் கேட்டேன், ஒரு கட்டை விரல் அனுப்பினாய். அந்தப் பக்கத்திலேயே கீழே எழுதியிருக்கிறார்கள், இவற்றுக்குப் பட்டம் கிடையாது, மதிப்பெண் கிடையாது, ஆசிரியரைத் தொடர்புகொள்ள முடியாது என்று. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. தங்கள் மாணவர்களுக்கு நடத்தியதை ஆசைப்பட்டவர்கள் பார்க்கட்டும் என்று திறந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைக் காலேஜ் என்று அப்பாவிடம் விற்றது நீ. படித்துவிட்டு மறைத்தாயா, படிக்காமலே அனுப்பினாயா? எது மோசம் என்று எனக்கே தெரியவில்லை.

படிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். படித்திருந்தால் அந்தச் சட்டப் பாடத்தை எனக்கு அனுப்பியிருக்க மாட்டாய். மதுக்கரையில் இருப்பவளுக்கு ஜப்பான் சட்டம் எதற்கு என்று சிரித்துக்கொண்டேதான் திறந்தேன். வேலைச் சட்டம் பற்றிய பாடத்தில் ஒரு வரி இருந்தது, அகராதி வைத்துக்கொண்டு நான்கு முறை படித்தேன். வயது நிரம்பாத பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றோரோ காப்பாளரோ வேலை ஒப்பந்தம் செய்யக் கூடாது. இதுதான் அண்ணா, நீ இருக்கும் நாட்டின் சட்டம். பிள்ளையைப் பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டு வேலைக்குக் கொடுத்த காலம் அங்கேயும் இருந்திருக்கும், அதனால்தானே அப்படி ஒரு வரி எழுத வேண்டி வந்தது. பாவாத்தாள் வருவதற்கு முந்தைய நாள்தான் அதைப் படித்தேன். அப்பா பேனாவை வாங்கியதும் வாய்க்கு வந்துவிட்டது. அப்பா, இது ஜப்பான்ல செல்லாதுங்க, எனக்குப் பதிலா நீங்க போடக் கூடாதுங்க, அண்ணன் அனுப்புன பாடத்துலதானுங்க இருக்குது என்றேன். பாவாத்தாள் விழுந்து விழுந்து சிரித்தாள். இது ஜப்பானுங்களா அம்மணி, மதுக்கரைங்க என்றாள். வந்தவள் முன்னால் மகள் எதிர்த்துப் பேசியதுதான் அப்பாவுக்குப் பெரிதாகிவிட்டது. இதுவரை அவர் என்மேல் கை வைத்ததில்லை. அன்று வைத்தார். படிக்கச் சொன்னாச் சட்டம் பேசறயா என்று ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, சி, ன், னா, ன் என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். அதைப் பார்த்தபோது வலித்த அளவுக்கு அடிகூட வலிக்கவில்லை. அவள் போன பிறகு உன் மெசேஜை இன்னொரு முறை தனியாகப் போட்டுக் கேட்டார், செய்தது சரிதானா என்று உன்னிடம் கேட்பதுபோல. நீ அதே நாற்பத்தெட்டு விநாடியையே திரும்பச் சொன்னாய். ஜப்பான் காலேஜ் அன்றிலிருந்து பீரோவுக்குள் இருக்கிறது.

இங்கேயும் சட்டம் இருக்கும், எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடச் சுவரில் உதவி எண் எழுதி வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. அவரிடம் ஒருவன் பொய் சொல்லியிருக்கிறான். நீ சரவணம்பட்டியில் காலேஜ் போனபோது உனக்கு ஹாஸ்டல் இருந்தது, ஆய்வகம் இருந்தது, கணக்கில் தோற்றபோது அறைக்கு வந்து விடிய விடியச் சொல்லிக் கொடுத்த சீனியர் இருந்தார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதெல்லாம் வேஸ்ட் என்றால் நான்கு வருடம் அங்கே என்ன செய்தாய்? உனக்கு ஏணி, எனக்கு ஏணியின் படமா? கட்டணத்துக்குப் பயந்து சொன்னாய் என்றால் கேட்டுக்கொள், நான் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி, ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசாங்கமே கட்டுகிறது, ஹாஸ்டலுக்கும் சேர்த்து. நீ படித்த காலத்தில் அது இல்லை. உன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலே போதும், நான் இந்நேரம் கவுன்சிலிங்குக்குப் பதிந்திருப்பேன்.

இது என் கடிதம் மட்டும் இல்லை. சாயங்காலம் அம்மாவிடம் மட்டும் சொன்னேன், உனக்கு எழுதப் போகிறேன் என்று. அம்மாவுக்கு எழுத வராது, அதனால் சொல்லச் சொல்லக் கேட்டு வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தை மாற்றவில்லை. எழுதிப்போடு கண்ணு, பெத்தவ காளியாத்தா சொல்றேன்னு எழுது. பதினாறு வயசுல மில்லுக்குப் போனவ நானு, ராத்திரி ஷிப்ட்டுல நின்னுக்கிட்டே தூங்கி உளுந்து மண்டைய ஒடைச்சவ, அந்த வைஃபையப் பத்தி எங்கிட்டச் சொல்ல வேண்டாம். அவனைக் காலேஜுக்கு அனுப்பறதுக்கு அவங்கப்பங்கூட மல்லுக்கட்டுனது நானு. தங்கச்சிக்கு மட்டும் ஊடே காலேஜுன்னு சொல்ல அவனுக்கு எப்படி வாய் வந்துச்சுன்னு கேளு. இதைச் சொல்லி முடித்த அதே மூச்சில், மழையில நனைய வேண்டான்னு சொல்லு, வேளாவேளைக்குச் சோறு திங்கச் சொல்லு, என்ற சாமி நல்லா இருக்கோணும், நூறு வருசம் இருக்கோணும்னு எழுது என்றாள். எழுதிவிட்டேன். என்னைக் கேட்டால் இந்த ஆசீர்வாதத்தை உனக்கு அனுப்பியிருக்க மாட்டேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், மறந்துவிடாதே, கட்டை விரலை அனுப்பாதே. கவுன்சிலிங் பதிவுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். சனிக்கிழமை விடியற்காலம் மில் வேன் வருகிறது. ஓடிபி அப்பா ஃபோனுக்குத்தான் வரும், சர்டிஃபிகேட் எல்லாம் அந்தப் பீரோவுக்குள்தான் இருக்கின்றன. அம்மா சொன்னால் நடக்காது, நான் சொன்னால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டேன். நீ பேச வேண்டும். மெசேஜ் போடாதே, நீயே கூப்பிடு, அவர் கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு நீ இருக்க வேண்டும். நான் எழுதினேன் என்று சொல்லாதே, நீயாக யோசித்ததுபோலச் சொல். தப்பு என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை, பழக்கமில்லாமல் திணறுவாய், அதனால் நானே எழுதித் தருகிறேன், பார்த்துப் படி. அப்பா, நான் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க. நெட்ல இருக்கறது பாடந்தானுங்க, காலேஜ் இல்லீங்க, அதைப் படிச்சா யாரும் வேலை தர மாட்டாங்க. நானும் காலேஜுக்குப் போயித்தானுங்க இங்க வந்தேன். பாவாத்தாக்காகிட்டப் போயி அந்த ஃபாரத்தத் திருப்பி வாங்கீருங்க. மதி சர்டிஃபிகேட்டை எடுத்துக் குடுத்து நாளைக்கே அவளைக் கூட்டிட்டுப் போயி

அப்பா கதவைத் தட்டுகிறார். வெள்ளிக்கிழமை அண்ணா