எஸ்ரா என் முகத்தைப் பார்ப்பதில்லை

புரூம், மேற்கு ஆஸ்திரேலியா
வியாழக்கிழமை

அன்புள்ள டார்னிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கழிப்பறைக்குள் குடியிருந்த பச்சைத் தவளையை வெளியே கொண்டுபோய் விட்டேன், காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் அங்கேயே உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. நானும் என் முழங்காலும் நலம், இருவருக்கும் பேச்சுவார்த்தைதான் இல்லை. நீ நலம் என்று தெரியும், எவ்வளவு நலம் என்பது இந்த வாரம்தான் தெரிந்தது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நம் குழுவின் புது நாடகத்தில் நானும் எஸ்ராவும் நேருக்கு நேர் நின்று ஆடும் நீண்ட ஆட்டம் ஒன்று இருக்கிறது, ஒருவர் கண்ணை ஒருவர் விடக் கூடாது. போன மாதம் வரை பையன் நன்றாகத்தான் முறைத்தான். விடுமுறைக்கு நீ இருக்கும் மெல்பர்னுக்குப் போய்வந்தவன், திங்கட்கிழமை ஒத்திகையில் என் தலைக்கு மேலே வாசல் விளக்கைப் பார்த்து ஆடினான். நான் தேநீர் போடப் போனால் பாதிக் கோப்பையை வைத்துவிட்டுப் பின்கதவு வழியாகப் போய்விட்டான். வாய் நாற்றமோ என்று பயந்து மறுபடி பல் தேய்த்தேன். நடனம் அமைக்கும் பெல்ஜியத்து அன்னெகே, அவனுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று முடிவுகட்டி, எங்களை எதிரெதிரே உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொன்னாள். அவன் வியர்த்துப்போய் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். உடை தைத்துக்கொண்டிருந்த உன் நோலா பெரியம்மா வாயிலிருந்த ஊசிகளைத் துப்பிவிட்டு, “ஏடி ஏவ்ரில், இங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, உனக்குத்தான் இன்னும் விளங்கல. மாப்பிள்ளை மாமியாருக்கு மரியாதை குடுக்கிறாருடி” என்றாள்.

பெற்ற மகளின் காதலை நான் தெரிந்துகொண்ட விதம் இது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பற்பசையாவது மிஞ்சியிருக்கும். பூர்வகுடிகளான நம் ஆட்களில் மாமியாரும் மருமகனும் முகம் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, ஒருவர் வந்தால் மற்றவர் நகர்ந்துவிடுவார் என்று அன்னெகேவுக்கு விளக்கினேன். அவள், “எங்க ஊர்ல இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தா என் ரெண்டு கல்யாணமும் பிழைச்சிருக்கும்” என்றாள். உன் அப்பாவிடம் சொன்னேன், “வலை வீசத் தெரியுமா அவனுக்கு?” என்று கேட்டுவிட்டுச் சோற்றில் மீன் சாற்றை ஊற்றிக்கொண்டார். அவன் யார் வழி என்று நோலா ஃபிட்ஸ்ராய் ஆற்று ஊர்கள் வரைக்கும் விசாரித்துவிட்டாள், உனக்கு முறையானவன்தான்.

சிக்கல் ஆட்டத்தில்தான். முதல் காட்சிக்கு ஊரே வரும். எல்லார் முன்னாலும் நான் அவன் கண்ணைப் பார்த்து ஆடினால், இவன் மருமகனாக வேண்டாம் என்று சொன்னதாகும். விலகிக்கொண்டால் பெர்த்திலிருந்து வந்திருக்கும், என் வயதில் பாதிகூட ஆகாத பெண் ஆடுவாள். “யார் ஆடுறதுன்னு நீயே சொல்லு” என்கிறாள் அன்னெகே. இந்த முழங்காலுக்கு இனி இப்படி ஓர் ஆட்டம் கிடைக்காது, டார்னி. மூன்று நாளாக அவன்மேல் கோபமாகவே திரிந்தேன். நேற்று கடற்கரையில் நடந்தபோதுதான் ஒன்று உறைத்தது. வேலை போனாலும் போகட்டும் என்று அந்தப் பையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தானே, அவன் என்னிடம் உன்னைப் பெண் கேட்ட விதமே அதுதான். நான்தான் வாயை முகர்ந்துகொண்டிருந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, அந்த ஊர்க் குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. இந்த மண்ணும் கடலும் உன்னை எங்கே இருந்தாலும் பார்த்துக்கொள்ளட்டும். முதல் காட்சிக்கு நீ வந்தாக வேண்டும், காரணம் இதோ, அன்னெகேவிடம்கூடச் சொல்லவில்லை, அவனிடம் நீயும் உளறிவிடாதே. ஆட்டத்தை நான் விடப் போவதில்லை. விளக்கு எரிந்ததும் எஸ்ராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கடைசிவரை அப்படியே ஆடப் போகிறேன்.

உன் அம்மா,
ஏவ்ரில்