உப்பரசன் ஏன் கெட்டவன்

ஜூலை 6, ஞாயிறு

இன்றும் முத்தியால்பேட்டையில், ஹரி வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் விளையாடினோம். ஹரிகிருஷ்ணன், என் சித்தப்பா மகன் ஆகாஷ், ஹேமா, நான். புத்தகமும் பகடைகளும் ஹரியின் மாமா பாரிஸிலிருந்து கொண்டுவந்தவை. விதிகள் எல்லாம் பிரெஞ்சில் இருக்கின்றன. ஹரி படித்துச் சொல்வான், நான் அதைத் தமிழில் கதையாக்குவேன். மற்ற மூன்று பேரும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடப்பார்கள், பேசுவார்கள். ஆபத்தான இடம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள்; பெரிய எண் விழுந்தால்தான் நினைத்தது நடக்கும். கதை நடத்துபவரை ‘மேத்ர்’ என்று கூப்பிட வேண்டுமாம். ஆகாஷ் என்னை ‘மேஸ்திரி’ என்கிறான்.

ஆழித்துறை என்ற ஊருக்கு இன்று வந்து சேர்ந்தார்கள். உப்பரசன் கடலை ஏவி மூழ்கடித்த ஊர். குரலைத் தாழ்த்தி, கையை விரித்து, நன்றாகத்தான் சொன்னேன். ஹேமா வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டுக் கேட்டாள்: “அவன் ஏன்டி ஊர அழிச்சான்?”

“கெட்டவன். அதான்.”

“பொறக்கும்போதேவா? எங்க வூட்டுப் பூனை மீன் திருடறதுக்குக்கூட ஒரு காரணம் இருக்குது.”

அவள் சொன்னது சரி. இத்தனை புத்தகம் படிக்கிறேன், எனக்கு ஏன் தோன்றவில்லை? உப்பரசனுக்கு ஒரு முன்கதை எழுத வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

முதல் முயற்சி: உப்பரசனின் தம்பியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்தத் துக்கத்தில் ஊரையே மூழ்கடித்தான்.

பஸ்ஸில் ஹேமாவிடம் படித்துக் காட்டினேன். “தம்பிய இழுத்தது கடலு. அப்போ கடல்மேலதான கோவம் வரணும்? ஊர் இன்னா பண்ணுச்சு?” என்றாள். கிழித்துவிட்டேன். இவளுக்குத் தெரியாமல் ஒரு ஓட்டை விட முடியாது.

ஜூலை 11, வெள்ளி

ஹேமா பள்ளிக்கு வரவில்லை. கரையில் நிறுத்தியிருந்த படகிலிருந்து அவள் அப்பா சாமிக்கண்ணு மாமாவின் இன்ஜினை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று மாமாவுக்குத் தெரியுமாம். எங்கள் குப்பத்தில் நிறையப் பேருக்குத் தெரியும் போலிருக்கிறது. பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை. பஞ்சாயத்துத் தலைவரின் சொந்தக்காரப் பையன் என்று அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஜூலை 14, திங்கள்

மாமா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அப்பா: “ஊர்ல வச்சிப் பேசி முடிக்கறத, ஸ்டேஷன் வரிக்கும் இழுத்துட்டானே.”

அம்மா: “இன்ஜின் போனவனுக்குத்தான தெரியும்.”

அப்பாவும் பஞ்சாயத்தில் ஒருவர். மாமாவோடு ஒரே படகில் பல வருஷம் தொழில் பார்த்தவரும் அவர்தான்.

ஜூலை 16, புதன்

மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. பெண்கள் போவதில்லை. ஆனால் மைக்கில் பேசுவதால் வீட்டுக்குள்ளேயே கேட்டது. ஊர் விஷயத்தை வெளியே கொண்டுபோனதற்காக சாமிக்கண்ணு குடும்பத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். யாரும் பேசக் கூடாது. கடையில் சாமான் கொடுக்கக் கூடாது. படகு தள்ளக் கை கொடுக்கக் கூடாது. மீறிப் பேசினால் பேசினவர்கள் குடும்பத்துக்கும் அதே கட்டு. சம்மதமா என்று தலைவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டார். “கன்னியப்பன்?” என்றதும் கொஞ்ச நேரம் ஸ்பீக்கரில் காற்றின் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அப்பாவின் குரல்: “சம்மதம்.”

வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

ஜூலை 17, வியாழன்

பஸ் நிறுத்தத்தில் ஹேமா நின்றிருந்தாள். “பாக்யா,” என்றாள். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இயற்பியல் தேர்வில் நல்ல மதிப்பெண்.

ஜூலை 20, ஞாயிறு

மாடிக்கு ஹேமா வந்தாள். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. முத்தியால்பேட்டை எங்கள் ஊர் இல்லைதான். ஆனால் கட்டு என்பது ஆளோடு வருவது, இடத்தோடு நிற்பதில்லை. ஆகாஷ் என்னைப் பார்த்தான். அவன் இருக்கும் இடத்தில் நான் வாயைத் திறந்தால் சித்தப்பாவுக்குப் போகும், அங்கிருந்து பஞ்சாயத்துக்குப் போகும். ஹரியிடம் விஷயத்தைச் சொன்னோம்.

“எந்தக் காலத்துலடா இருக்கீங்க?” என்றான்.

“நீ டவுன்காரன். ஒனக்குப் புரியாது,” என்றான் ஆகாஷ்.

ஹேமா செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். “நான் வெளையாட வந்தேன். ஹரி, ஒங்கூட பேசலாம்ல?”

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆழித்துறையில் உப்பு படிந்த ஒரு பெரிய கதவு. ஹேமாவின் பாத்திரம் ஒரு திருடி. நான் ஹரியைப் பார்த்து, “திருடி கதவு முன்னாடி நிக்கறா,” என்றேன். ஹரி திரும்பி, “ஒன் திருடி கதவு முன்னாடி நிக்கறாளாம்,” என்றான். “பூட்டத் தொறக்கறேன்னு சொல்லு.” “பூட்டத் தொறக்கறாளாம்.” எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் வைக்கிற இடம்தான் இருந்தது.

பகடையில் மூன்று விழுந்தது. கதவு திறக்கவில்லை.

நாலாவது முறையாகச் சொல்லும்போது ஹரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் இன்னா போஸ்ட்மேனா?” ஹேமாவும் சிரித்தாள். நான் சிரித்தேனா? சிரித்தால் அது பேச்சில் சேருமா? தெரியவில்லை.

ஜூலை 24, வியாழன்

உப்பரசனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. எப்படி இத்தனை நாள் தோன்றவில்லை! ஆழித்துறை அவனை ஊரைவிட்டுத் தள்ளி வைத்தது. ஒருவரும் பேசவில்லை. அவன் படகைத் தள்ள ஒருவரும் வரவில்லை. தனியாகவே இருந்து இருந்து நெஞ்சு உப்பாகி, ஒரு நாள் கடலைக் கூப்பிட்டு ஊரை மூழ்கடித்தான்.

ஆறு பக்கம் எழுதினேன். இதில் ஓட்டையே இல்லை. ஹேமா கேட்டால் புரிந்துகொள்வாள், நான் அவள் பக்கம் என்று. வாயால் சொல்ல முடியாததைக் கதையால் சொல்லலாம் அல்லவா?

ஜூலை 27, ஞாயிறு

ஆறு பக்கத்தையும் படித்தேன். ஆகாஷ் நடுவிலேயே தலையைக் குனிந்துகொண்டான். ஹரி, “செமயா இருக்குது, மேத்ர்,” என்றான். ஹேமா பகடையைக் கையில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

“ஹரி, அவகிட்ட சொல்லு. எங்கப்பா யாரயும் மூழ்கடிக்கல.”

ஹரி என்னைப் பார்த்தான். அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

“இன்னும் ஒண்ணு சொல்லு. தள்ளி வச்சவங்க எல்லாம் நல்லவங்களாம், யாரத் தள்ளி வச்சாங்களோ அவன்தான் வில்லனாம். நல்லா எழுதியிருக்கான்னு சொல்லு.”

பகடையைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். உருட்டவில்லை. வைத்தாள்.

படியில் அவள் இறங்கும் சத்தம் கீழ்வரை கேட்டது. எழுந்து ஓடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் காகிதங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

பசித்தது. சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

வில்லனை மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். தள்ளி வைக்கப்பட்டவன் இல்லை என்றால், தள்ளி வைத்தவன். கோயில் முன்னால் உட்கார்ந்து சம்மதம் சொன்ன ஒருவன். அவனுக்கு முகம் கொடுக்க வேண்டும். எழுத எழுத, இடது புருவத்தில் தூண்டில் முள் கிழித்த தழும்பு வந்துவிட்டது. அது அப்பாவுடையது.

வெளியே போய்ப் பார்த்தேன். அப்பா வலை பிரித்துக்கொண்டிருந்தார். கரையில் மாமாவின் படகு அதே இடத்தில், பாதி மணல் ஏறிக் கிடந்தது. வேறு இன்ஜின் வாடகைக்கு எடுத்துவிட்டாராம். ஆனால் ஃபைபர் படகை ஒரு ஆள் தண்ணீருக்குள் தள்ள முடியாது. நாலைந்து பேராவது வேண்டும். அப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க, முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். முதுகில் வெயில். நிழல் மாமாவின் படகு கிடந்த பக்கம்தான் இருந்தது.

இவரை நான் வில்லனாக எழுத மாட்டேன். என்னால ஆவாது. அப்போ யாருதான் கெட்டவங்க? தெரியல. எனக்குத் தெரியல.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விளையாட்டு இல்லை. ஹரியிடம் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பள்ளி முடிந்து ஹரி போன் செய்தான். “ஹேமா ஒண்ணு கேக்கச் சொன்னா. பேச மாட்டேன்னு வாயை மூடிக்கினு இருந்தாங்களே அந்த ஊர்க்காரங்க, அவங்க வாய்க்கு இன்னா ஆச்சுன்னு எழுதலியாம். அது பெரிய ஓட்டையாம்.”

“கோவமா கேட்டாளா?”

“தெர்ல. அவ குரல் இப்ப ஒரே மாதிரிதான் இருக்குது. ஒன்னோடது மாதிரி.”

ஆகஸ்ட் 9, சனி

மூன்றாவது கதை. ஒரு பக்கம்தான் வந்தது.

ஆழித்துறையில் எல்லோரும் ஒருவனோடு பேசாமல் வாயை மூடிக்கொண்டார்கள். மூடிய வாயில் உப்பு விளைந்தது. முதலில் நாக்கு, பிறகு தொண்டை. கடைசியில் அவரவர் வாசலில் அப்படியே உப்பாக நின்றுவிட்டார்கள். கடல் ஊருக்குள் வரவே இல்லை. அவன் ஒருவன் மட்டும் நடமாடுவதைப் பார்த்த வழிப்போக்கர்கள்தான் அவனுக்கு உப்பரசன் என்று பெயர் வைத்து, எல்லாம் அவன் செய்தது என்றார்கள். அவன் தினமும் சாயங்காலம் உப்பு படிந்த அந்தக் கதவைத் தட்டுகிறான். அது உள்ளே தாழ் போட்ட கதவு.

படித்துப் பார்த்தேன். நாக்கைப் பல்லில் தேய்த்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஹேமா வந்தாள். ஹரி சொல்லித்தான் வந்திருப்பாள். அந்த ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

ஹரி வழக்கம்போல் என் பக்கம் காதைச் சாய்த்தான், திருப்பிச் சொல்வதற்காக. நான் அவனைத் தாண்டிப் பார்த்தேன்.

“ஹேமா, உன் முறை.”

பெரிய குரலில் சொல்லவில்லை. வாய் உலர்ந்து கிடந்தது. ஆகாஷ், “ஏய் பாக்யா,” என்றான். ஹேமா பகடையை எடுக்காமல் என்னையே பார்த்தாள். “இன்னொரு தபா சொல்லு,” என்றாள். சொன்னேன்.

ஒன்பது விழுந்தது. கதவு திறக்கவில்லை. “பரவால்ல, அடுத்த தபா பாத்துக்கலாம்,” என்றாள் என்னிடம். நேராக என்னிடம்.

ஆகாஷ் எங்களோடு பஸ் ஏறவில்லை. நானும் அவளும் ஒரே சீட்டில் வந்தோம். இறங்கும்போது, “ஒங்கப்பாவுக்கு இன்னா ஆவும்னு யோசிச்சியா?” என்றாள்.

யோசித்தேன். இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்க வேண்டும். கை மட்டும் குளிர்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

நானே சொல்லிவிட்டேன், ஆகாஷ் சொல்வதற்கு முன்னால். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா, “இன்னா பேசின?” என்று கேட்டார்.

“உன் முறைன்னு சொன்னேன்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, “அவ இன்னா சொன்னா?” என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

மறுபடி மைக். சித்தப்பா காதுக்குப் போய், அங்கிருந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. ஆகாஷ் சொன்னானா, பஸ்ஸில் யாராவது பார்த்தார்களா, தெரியாது. தலைவரின் குரல்: “கன்னியப்பா, ஒம் பொண்ணு பேசிச்சின்னு சொல்றாங்க. இல்லன்னு கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்ணிடு, இத்தோட வுட்டுடலாம்.”

அம்மா என் கையைப் பிடித்தாள். எனக்காக அப்பா பொய்ச் சத்தியம் செய்துவிடுவார் என்று நினைத்தேன். செய்யட்டும் என்றும் நினைத்தேன்.

ஸ்பீக்கரில் காற்று.

“பேசிச்சு,” என்றார் அப்பா. “நானும் நாளைக்குப் பேசுவேன்.”

ஆகஸ்ட் 14, வியாழன்

கடையில் பால் பாக்கெட் கேட்டேன். ஜெயம் அக்கா எனக்குப் பின்னால் நின்ற ஆளிடம், “ஒங்களுக்கு இன்னா வேணும்?” என்றாள். அவளுக்கு என்னைக் குழந்தையிலிருந்து தெரியும். கடைக்கு முன்னால் நின்று ஐஸ்க்ரீம் பெட்டியில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். பால் இல்லாத டீ குடிக்கலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் அப்பா கரைக்குப் போனார். முதலில் மாமாவும் அவரும் படகைச் சுற்றி மணலை வாரினார்கள். பிறகு தள்ளினார்கள். நகரவில்லை. ஹேமாவின் அம்மா ஒரு பக்கம் போய்த் தோள் கொடுத்தாள். அம்மா புடவையைச் செருகிக்கொண்டு இன்னொரு பக்கம் போனாள். பொம்பளைகள் படகைத் தள்ளுவதை எங்கள் குப்பம் பார்த்ததில்லை. வலை பின்னுகிற கூடத்திலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். நானும் ஹேமாவும் பின்னால் நின்றோம். ஃபைபர் கையில் சுட்டது. கொஞ்சம் நகர்ந்தது. நின்றோம். மறுபடி கொஞ்சம். தண்ணீர் தொட்டதும் படகு தானாகவே லேசானது. அப்பா ஏறிக்கொண்டார், பழைய இடத்தில், முன்பக்கம்.

சாயங்காலம் ஹரி வீட்டுக்குப் போனோம். மூன்று பேர்தான் என்று ஆரம்பித்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஆகாஷ் படியேறி வந்தான். எங்களைப் பார்க்கவில்லை. தொட்டிக்கு அந்தப் பக்கம், வெயிலில் உட்கார்ந்தான். கையை மட்டும் நீட்டினான். ஹரி பகடையைக் கொடுத்தான்.

உருட்டிவிட்டு ஹரியிடம் சொன்னான்: “அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லு. பதினேழு வுழுந்துச்சுன்னு.”

ஹரி பெருமூச்சு விட்டு எங்கள் பக்கம் திரும்பினான். “பதினேழாம்.”

நான் ஹேமாவைப் பார்த்தேன். பிறகு ஹரியிடம் சொன்னேன், கதவு திறந்துகொண்டது என்று. ஹரி அவனிடம் சொன்னான்.