கோச்சின் பேண்ட்டும் அலமாரிச் சாவியும்

அன்பு மூத்தவளுக்கு அம்மா எழுதுவது. அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாயா என்று முதலில் சொல். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் உன் தங்கை ஆஸ்பத்திரியில் சேர்ந்து இது மூன்றாவது மாதம், அதனால் பாதி நலம் என்று வைத்துக்கொள். நேற்று அரைத் துண்டு ரொட்டியை முக்கால் மணி நேரம் வைத்துத் தின்றாள். நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள், சாப்பிடும்போது சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாதாம், எனக்கோ சாப்பிடும்மா என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்பா வராந்தாவில் நின்று அழுதார். கண்ணில் தூசி என்றார், நானும் ஆமாம் என்றேன்.

வாந்தி எடுக்கிறாளா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நானும் அப்படி நினைத்துத்தான் மாதக்கணக்கில் பாத்ரூம் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன், சத்தம் எதுவும் வராததால் ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். இது வேறு, அது வேறு என்று டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். உன் தங்கைக்கு வந்தது தன்னைத்தானே பட்டினி போடும் நோய், எலும்பு தெரிந்தாலும் கண்ணாடியில் குண்டாகத்தான் தெரியுமாம், எடை ஏறிவிடும் என்ற பயம் பசியையே அமுக்கிவிடுமாம். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு வந்தது இன்னொன்று. அடக்க முடியாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, பிறகு பயந்துபோய் அதை எப்படியாவது வெளியேற்றிவிடுவாளாம். பார்த்தால் நம்மைப் போலச் சாதாரண உடம்புதான், பல் கரைந்திருப்பதைப் பார்த்துப் பல் டாக்டர்தான் கண்டுபிடித்தாராம். ஆளைப் பார்த்து யாருக்கு எது என்று சொல்லவே முடியாது என்கிறார் டாக்டரம்மா. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன், அதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

என் லட்சணத்தைக் கேள். யாருக்கு அரை அங்குலம் ஏறினாலும் இறங்கினாலும் டேப் போடாமலே சொல்லிவிடுகிற தையல்காரி நான். உன் தங்கையின் சீருடையை ஒரே வருடத்தில் நான்கு தடவை இடுப்பில் பிடித்துச் சின்னதாக்கிக் கொடுத்தேன், ஒவ்வொரு தடவையும் கடைக்கு வந்தவர்களிடம் என் பெண் ஓடி ஓடி உடம்பை எப்படி வைத்திருக்கிறாள் பாருங்கள் என்று பீற்றிக்கொண்டேன். ஐந்தாவது தடவை பிடித்தபோது இரண்டு பக்கத்துப் பாக்கெட்டும் பின்னால் போய் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அப்போதுதான் என் கை நின்றது.

இந்த நோய்க்கு ஒற்றைக் காரணம் கிடையாது, பிறவி, மனசு, சுற்றுப்புறம் எல்லாம் சேர்ந்து வருவது, யாரையும் பழி சொல்லாதீர்கள் என்றார் டாக்டரம்மா. அவர் படித்தவர், அப்படித்தான் சொல்வார். நான் படிக்காதவள், பழி சொல்லுவேன். மைதானத்து வாசலில் எடை மெஷினைப் போட்டு, பெண்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருத்தியின் எடையையும் உரக்கப் படித்துப் பட்டப்பெயர் வைக்கிறானே அந்த ஓட்டக் கோச், அவனைச் சொல்லுவேன். உன்னை டிரம் என்று கூப்பிட்டு அணியை விட்டே துரத்தினவன், உன் தங்கை போன முதல் நாளே, டிரம்மோட தங்கச்சியா, நீயும் உருளப் போறியா என்றானாம். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் இதை என்னிடம் சொன்னாள்.

அவள் சொன்ன அதே வாரம் அவன் ஜிப் போய்விட்டது என்று நம் கடைக்குப் பேண்ட்டோடு வந்தான், மைதானத்துக்குப் பக்கத்தில் வேறு தையல் கடை ஏது. பெண் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜிப்பை மாற்றினேன், கூடவே இடுப்பில் அரை விரல் பிடித்தேன். அடுத்து கால் மடிப்பு பிரிந்தது என்று ஒன்று, பாக்கெட் கிழிந்தது என்று ஒன்று, எல்லாவற்றிலும் அரை அரை விரல். துவைச்சா சுருங்குதும்மா என்று வந்து நின்றான். இந்தத் துணி சுருங்காது சார் என்று மரியாதையாகச் சொல்லி, கடையில் நாலு அம்மாக்கள் காத்திருக்கும்போது டேப்பைப் போட்டு அவன் இடுப்பளவை உரக்கப் படித்தேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை திரும்ப வந்தான். ரெண்டு வேளை பட்டினி கிடக்கிறேம்மா, அப்புறம் தாங்க முடியாம நின்ன இடத்துலயே ஒரு முழு ரொட்டியத் தின்னுடறேன், கவரைக்கூட ஒளிச்சு வைக்கிறேன் என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், எனக்கோ உன் கட்டிலுக்கு அடியில் கிடந்த பிஸ்கட் கவர்கள் ஞாபகத்துக்கு வந்தன. மூன்றாவது நோய் அதுதான். கட்டுப்பாடு கையை விட்டுப் போய், வயிறு வலிக்கிற வரை தின்பது, வெளியேற்றுவதும் இல்லை, பிறகு வெட்கப்பட்டுத் தனியாகக் கிடப்பது, அது திரும்பத் திரும்ப வருவது. மூன்றில் அதிகம் பேருக்கு வருவது இதுதானாம், ஆனால் திட்டு வாங்குவதோடு சரி, யாரும் டாக்டரிடம் கூட்டிப் போவதில்லையாம். நான் என்ன செய்தேன். தின்னிப்பண்டாரம் என்று உன்னைத் திட்டி, சமையலறை அலமாரியைப் பூட்டி, சாவியை டேப்போடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

அவன் பேண்ட் மூன்றையும் கேட்டு வாங்கித் தையலைப் பிரித்துவிட்டேன். துணி சுருங்கவில்லை, பிடித்தது நான்தான் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். இரக்கம் என்று நினைத்துவிடாதே. அவன் நாசமாகப் போகட்டும், ஆனால் இந்த நோய் என் கையால் இன்னொரு உடம்புக்குப் போக வேண்டாம். அவன் செய்ததை எல்லார் முன்னாலும் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், அவன் நின்று கேட்க வேண்டும், எனக்கு அது போதும். ஏழு அம்மாக்கள் கையெழுத்துப் போட்டு விளையாட்டுக் கமிட்டிக்கு மனு கொடுத்திருக்கிறோம், இருபதாம் தேதி விசாரணை. முன்பு அவனிடம் ஓட்டம் பழகின ஒருத்தியாவது எழுதிக் கொடுத்தால்தான் மனு நிற்கும், இல்லாவிட்டால் சின்னப் பெண்கள் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள் என்கிறார் செயலாளர். அப்புறம் அவன் அதே மெஷினோடு அதே வாசலில் நிற்பான்.

நீ எழுத வேண்டும், இருபதுக்கு முன்னால் வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே. உனக்கு இன்னமும் அப்படி இருந்தால் அங்கே ஒரு டாக்டரைப் பார், தின்றதை ஈடுகட்ட மறுநாள் பட்டினி கிடக்காதே, அது திரும்ப அங்கேதான் கொண்டுபோய் விடுமாம். வேளாவேளைக்குப் பசித்து, பயமில்லாமல் சாப்பிட்டு, நீ நூறு வயது இருக்க வேண்டும். பூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டேன், சாவியை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். அவன் என்ன சொன்னான், யார் யார் சிரித்தார்கள், எல்லாவற்றையும் எழுது. வீட்டில் நடந்ததை எழுதும்போது அலமாரியைப் பூட்டியது யார் என்பதையும் விடாமல் எழுது. உரக்கப் படிக்கிற அன்று அவன் பக்கத்தில் நானும் நின்று கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா