ராக்கம்மாள் பேட்டி

மார்ச் 9, ஞாயிறு

வெயில் இப்போதே கொளுத்துகிறது. புதுகையில் அஞ்சல்வழி எம்.ஏ. தொடர்பு வகுப்பு. போகவரப் பஸ்ஸில் நின்றபடியே.

மேடம் எங்கள் கள ஆய்வு அறிக்கைகளை மேசைமேல் அடுக்கியிருந்தார். "ஒழைக்கிற பொண்ணு ஒருத்தியப் பேட்டி எடுக்கச் சொன்னா, பாதிப் பேரு ஒரே ராக்கம்மாள எடுத்திருக்கீங்க. கட்டுமாவடி, கருவாட்டு வியாபாரம்."

யாரோ முந்திக்கொண்டு, "எல்லாரும் சேந்து போயிப் பாத்தோம் மேடம்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீ கட்டுமாவடிதான? சனிக்கெழம அந்தம்மாவக் கூட்டிட்டு வா. வரலேன்னா அத்தனையும் ரிஜெக்ட்."

ராக்கம்மாள் என்று ஒருத்தி கிடையாது. எல்லாரும் ஆன்லைனில் விலைக்கு வாங்கிய ஒரே பி.டி.எஃப். கையால் எழுதித் தரவேண்டும் என்பதால் டிவி ஓடஓடக் காப்பியடித்தேன். எழுதினேன், படிக்கவில்லை. எம்.ஏ. முடிக்காவிட்டால் ஜூனில் பள்ளியில் டீச்சர் வேலை இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

குரூப்பில் ஓயாமல் மெசேஜ். "எல்லார் தலையும் ஒன் கையிலதான்டி." என் தலை யார் கையில்?

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவளும் கருவாட்டுக்காரிதான். நெத்திலி காயப்போட்டுக்கொண்டே சிரித்தாள். "ஏன்டி, என்னையவே கேட்டு எழுதியிருக்கலாம்ல?" தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. அசிங்கமாக இருந்தது.

வரச் சம்மதம். "பேரு ராக்கம்மா. சரி, சொல்லிட்டாப் போச்சு."

மார்ச் 14, வெள்ளி

பள்ளியில் விடைத்தாள் திருத்தம். போன் ரீசார்ஜ். அம்மாவின் நீலச் சேலை, இஸ்திரி.

மாலையில்தான் அறிக்கையை ஒழுங்காகப் படித்தேன். மூன்றாம் பக்கம்: கணவர் கடலில் இறந்துபோனார்.

என் அப்பா வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறார். நெற்றியில் குங்குமம் இல்லாமல் அம்மா வாசல் தாண்ட மாட்டாள். சொன்னால் வரமாட்டாள். சொல்லாவிட்டால்? பொறியில் மாட்டிய எலி கதைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பி.

சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

புதுகையில் இறங்கியதும், "வேர்வையில பொட்டு வழிஞ்சிருக்கும்மா. தொடச்சிக்க." வழியவில்லை. நன்றாகத்தான் இருந்தது. துடைத்தாள். மறுபடி வைக்கக் குங்குமம் கேட்டாள். நேரமாச்சு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வா என்று விரட்டினேன். தாலியை மறைக்கத்தான்.

பேர், ஊர், வியாபாரம் எல்லாம் சரியாகச் சொன்னாள். பிறகு மேடம் இரக்கத்தோடு, "வீட்டுக்காரரு கடல்ல தவறி எத்தன வருசம் ஆச்சுங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கை நெற்றிக்குப் போனது. நான் தரையைப் பார்த்தேன்.

"ஆச்சுங்க. ரொம்ப வருசம் ஆச்சு."

எல்லாருக்கும் பாஸ். குரூப்பில், "ஒங்கம்மா செம நடிப்பு."

பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் நேரே கொல்லைக் குழாயடி. கட்டிய சேலையோடு உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. பயமாக இருக்கிறது.

அப்பாவிடமிருந்து போன். "ஒங்கம்மா எங்க?"

"தலைக்கு ஊத்திக்கிட்டிருக்குப்பா."

"வெளக்கு வைக்கிற நேரத்துலயா? யாரு வீட்டுல எழவு?"