மல்லாந்து கிடந்தாலும் சாகவில்லை

என்னங்க,

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முதலில் இதைப் படியுங்கள். உங்கள் டரான்டுலா சிலந்திக் குட்டி டப்பாவில் மல்லாந்து கிடக்கிறது. சாகவில்லை, தோலுரிக்கிறது. தொடாதீர்கள், டப்பாவைத் தட்டியும் பார்க்காதீர்கள்.

எனக்கும் பகீரென்றுதான் இருந்தது. அதை விற்ற தம்பியைப் போனில் எழுப்பிக் கேட்டேன். "தோலுரிக்கிறதுக்கு முன்னாடி அது துன்னாதுக்கா. உள்ள புழு எதுனா கீதா? இருந்தா எடுத்துடு, இத்தக் கடிச்சே கொன்னுடும்" என்றான். பட்டினி கிடக்கிறதே என்று நேற்று ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது நீங்கள் போட்ட புழு, அதன் காலருகே நெளிந்துகொண்டிருந்தது. ஸ்பூனால் எடுத்துவிட்டேன். குட்டி எழுந்து நடமாடி, பல் கெட்டிப்படும் வரை இரை போட வேண்டாமாம். தண்ணீர் மட்டும் வற்றக் கூடாது.

"உன் கொசுவத்திப் பொகைலதான் அது துன்ன மாட்டேங்குது" என்று கத்தினீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள்? ராத்திரி கொசுவத்தி ஏற்றவில்லை. சாயங்காலம் என் கையைப் பாருங்கள், தெரியும்.

வல்லக்கோட்டை கோயிலுக்குப் போகிற வழியில் இன்று உங்கள் அக்கா வருகிறார். நீங்கள் தூங்கும் நேரத்தில் செத்த பூச்சி என்று குப்பையில் கொட்டிவிடுவார். டப்பா இருக்கும் அறையைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

மேகலா

இட்லி ஹாட்பாக்சில் இருக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டே நேரம் போய்விட்டது, எனக்கு வைத்ததும் அப்படியே இருக்கும். அக்கா கேட்டால், நான் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன் என்று சொல்லுங்கள்.